கட்டிலுக்கடியில் கல்நார்

மூன்று இரவுகள் நான் கல்நார் என்கிற ஆஸ்பெஸ்டாஸ் மேல் படுத்துத் தூங்கினேன். நேரடியாக அதன் மேல் இல்லை. நடுவில் ஒரு கட்டிலும் இலவம்பஞ்சு மெத்தையும் இருந்தன. ஆனால் கட்டிலுக்கடியில் ஆறு ஷீட்டுகளை நானே அறுத்து, நானே உடைத்து, நானே அடுக்கி, மேலே பழைய போர்வையைப் போர்த்தி வைத்திருந்தேன். வீடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துப் பத்திரமாக அகற்றுவதற்காகச் சென்னையிலிருந்து ஆள் வருகிறார்கள் என்று தெரிந்த பிறகு செய்த காரியம் இது. பாதுகாப்பு வார விழாவுக்கு வாசகம் எழுதி ஒரு தடவை இரண்டாம் பரிசு வாங்கியவன் நான். முதல் பரிசு வாங்கியவர் என்ன செய்தார் என்று தெரியவில்லை. இதைவிடப் பெரிதாக எதுவும் செய்திருக்க முடியாது.

எங்கள் நிலக்கரிச் சுரங்க டவுன்ஷிப்பில் ஒவ்வொரு குவார்ட்டர்ஸுக்கும் எண் உண்டு, டைப் உண்டு, வரைபடம் உண்டு. வரைபடத்தில் இல்லாத ஒன்றும் ஒவ்வொரு வீட்டின் பின்னாலும் உண்டு. அதுதான் ஷெட். நான்கு இரும்புக் குழாய், மேலே அலையலையான சிமென்ட் ஷீட்டு. எனக்கு முன்னால் குடியிருந்தவர் அதில் மாடு கட்டினார். நான் ஸ்கூட்டரை நிறுத்தினேன். ஸ்கூட்டர் போனபின் வாஷிங் மெஷின் வந்தது. இந்த ஷெட்டுகளைக் கட்டியவர் யார் என்று கேட்டால் ஊர் முழுவதும் ஒரே பதில்தான்: "நாங்க வரும்போதே இருந்திச்சி." யாருமே கட்டாமல் ஆயிரக்கணக்கில் எழும்பி நிற்கும் கட்டடங்கள் உலகத்தில் வேறெங்கும் இருப்பதாக நான் படித்ததில்லை. மேலதிகாரிகள் வருவார்கள், ஷெட்டைப் பார்ப்பார்கள், ஆனால் அது அவர்கள் கண்ணில் படாது. அவர்கள் வீட்டுப் பின்னாலும் ஒன்று இருந்தது.

இதற்கும் என் மனைவியின் அடுக்களைக்கும் சம்பந்தம் இருக்கிறது. எங்கள் வீட்டு அடுக்களைக் கூரையில், கரி அடுப்பு எரித்த காலத்துப் புகைக்குழாய் ஒன்று ஓட்டை போட்டு மேலே போகிறது. அடுப்பு போய்ப் பல வருஷம் ஆகிறது. குழாய் போகவில்லை. ஐப்பசி மழை வந்தால் குழாயைச் சுற்றி ஒழுகும். இரண்டு மழைக்காலம் அவள் இடது கையில் குடையும் வலது கையில் கரண்டியுமாகத்தான் தோசை சுட்டாள். நான் சும்மா இருக்கவில்லை. தார் பூசினேன், சிமென்ட் பூசினேன், பிளாஸ்டிக் தாளைக் கட்டினேன். கடைசியில் ஒழுகும் இடத்துக்கு நேர் கீழே ஒரு பக்கெட் வைத்தேன். அது மட்டும் சரியாக வேலை செய்தது.

அதனால் போன வருஷம் எங்கள் பிளாக்கில் வீடுகளைப் புதுப்பிக்கப் போகிறார்கள், முதலில் அடுக்களைக் கூரைதான், அதுவும் மழைக்கு முன்பே என்று செய்தி வந்தபோது அவள் அந்த வாரமே மளிகை டப்பாக்களை எந்த வரிசையில் அடுக்குவது என்று காகிதத்தில் படம் போட்டுவிட்டாள். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். படம் போட்டுவிட்டால் அப்புறம் பேச மாட்டாள்.

ஆவணியில் பால் பூத்துச் சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். கூரையை உடைப்பதற்கு முன்னால் ஒவ்வொரு வீட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் எங்கெங்கே இருக்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்வார்கள். புகைக்குழாய், மழைநீர்க் குழாய், தண்ணீர்த் தொட்டி, சுவிட்சுப் பலகை, "மற்றும் கூடுதல் அமைப்புகள்". சர்வே முடியும்வரை எதையும் உடைக்கவோ, அறுக்கவோ, நகர்த்தவோ, தூசி கிளம்பும்படி பெருக்கவோ கூடாது.

இதில் குழம்புவதற்கு ஒன்றுமில்லை. எட்டாவது படிக்கும் பிள்ளைக்குப் புரியும். எனக்குப் புரியாமல் போனதற்குக் காரணம் என் உத்தியோகம். ஆபீஸில் சுற்றறிக்கை எழுதுவதுதான் என் வேலை. இருபத்தைந்து வருஷமாக எழுதுகிறேன்; அதனால் எந்தச் சுற்றறிக்கையையும் நான் நம்புவதில்லை. எழுதியவன் எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறான் என்றுதான் முதலில் பார்ப்பேன். போதாக்குறைக்கு வீட்டில் இரண்டு அலமாரி நிறையப் புத்தகம். தெருவில் யாருக்குக் காகிதம் வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள்.

"இன்னா சார் போட்டுகினு இருக்கான்?" என்று கேட்டார் பக்கத்து வீட்டுக்காரர். கம்மாபுரம் பக்கத்து ஆள். மைன்ஸில் பெல்ட் செக்‌ஷன். நைட் ஷிஃப்ட் முடித்து, பால் பாக்கெட்டும் கையுமாக நின்றார்.

"ஆஸ்பெஸ்டாஸ் எங்க இருக்குன்னு பார்க்க வர்றாங்களாம்."

"அத்த பாக்கறதுக்கு மெட்ராஸ்லேந்தா வரணும்? ஷெட்டு மேலதான் பப்பரப்பான்னு கெடக்குதே."

"அதான்" என்றேன்.

அந்த ஒரு 'அதான்' போதுமானதாக இருந்தது. வரிசையில் நின்ற நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். கேட்க ஆள் இருந்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. ஒரு புகைக்குழாய்க்காக யாராவது இவ்வளவு தூரம் வருவார்களா என்று ஆரம்பித்தேன். "'கூடுதல் அமைப்புகள்'னா என்ன? நம்ம ஷெட்டு. தொடாதே, நகர்த்தாதே, பெருக்காதேன்னு எங்க சொல்லுவாங்க? கொலை நடந்த வீட்டுல சொல்லுவாங்க. தடயம் கலையக்கூடாதுன்னு."

பக்கத்து வீட்டுக்காரர் பால் பாக்கெட்டை இன்னொரு கைக்கு மாற்றினார். "அப்ப ஷெட்ட இடிக்க சொல்லிடுவாங்களா?"

"இப்ப ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. எழுதிக்கிட்டுப் போவாங்க. எழுதிட்டா அது ரெக்கார்டு. ரிட்டயர் ஆகும்போது எடுத்துக் காட்டிப் பணத்தப் பிடிப்பாங்க."

ரெக்கார்டு என்ற சொல்லுக்கு எங்கள் ஊரில் ஒரு மரியாதை உண்டு. வரிசை கலைந்தது.

அறிவிப்பின் அடியில் சிறிய எழுத்தில் 'பின்பக்கம் காண்க' என்று இருந்ததையும் நான் பார்த்தேன். காகிதத்தின் பின்பக்கம் முழுவதும் பசை தடவிச் சுவரோடு சுவராக ஒட்டியிருந்தது. காண வேண்டுமென்றால் ஆபீஸில் போய் இன்னொரு பிரதி கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. பின்பக்கத்தில் வழக்கமாக நான் என்னென்ன எழுதுவேன் என்று எனக்குத் தெரியும் அல்லவா!

வீட்டுக்கு வந்து மனைவியிடம் விளக்கினேன். அவள் முழுவதும் கேட்டாள்.

"குழாயத் தொடாண்டாம்னு போட்டிருக்கா?"

"ஆமா, எதையுமே தொடக்கூடாதுன்னு போட்டிருக்கு. அதுலதான் சூட்சுமமே."

"அப்பத் தொடாதிய. சும்மா இருங்க. மழைக்கு முன்ன அடுக்களை ஆயிரும்னு இருக்கேன். நீங்க எதையாவது செஞ்சு கெடுத்துராதிய."

இவ்வளவு தெளிவாகச் சொன்னதை வேறு விதமாகப் புரிந்துகொள்வதற்கு நிறையப் படித்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தெரு முழுவதும் சுத்தியல் சத்தம் கேட்டது. பந்தல் பிரிக்கிற மாதிரி வரிசையாக ஷெட்டுகளைப் பிரித்தார்கள். என் ஷெட்டின் போல்ட்டுகள் துருப்பிடித்துத் திரும்ப மறுத்தன. ரம்பத்தால் ஷீட்டையே அறுத்தேன். அறுக்க வராத இடத்தில் காலால் மிதித்து உடைத்தேன். வெள்ளைத் தூள் பறந்தது. தூசி படாமலிருக்கத் தலையில் துண்டு கட்டியிருந்தேன். மூக்கும் வாயும் திறந்துதான் இருந்தன. காப்பாற்றப்பட்டது தலைமுடி, அங்கேயும் காப்பாற்றுவதற்கு அதிகமில்லை. முடித்தபின் தென்னந்துடைப்பத்தால் தரையை நன்றாகப் பெருக்கினேன். வீட்டில் நான் துடைப்பம் எடுத்தது அபூர்வம் என்பதால் அதில் ஒரு பெருமையும் இருந்தது.

சத்தம் கேட்டதுமே என் மனைவி அடுக்களையின் இரண்டு கதவுகளையும் சாத்தி, இடுக்குகளில் ஈரச் சாக்கைத் திணித்துவிட்டாள். கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஷெட்டைப் பிரித்தாயிற்று. ஷீட்டை எங்கே வைப்பது? வெளியே போட்டால் பார்ப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர் பீரோவுக்குப் பின்னால் சொருகினார். எதிர்வீட்டுக் கோயம்புத்தூர்க்காரர் தன்னுடையதை இரண்டு செங்கல் மேல் கிடத்தி, பூத்துணி விரித்து, அதன் மேல் டிவியை வைத்தார். என்னுடையது கட்டிலுக்கடியில் போனது. மனைவி பாயைச் சுருட்டிக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டாள்.

புதன்கிழமை சர்வே செய்யும் அம்மாள் வந்தார். நாற்பது வயதிருக்கும். கழுத்தில் இரண்டு பக்கமும் வட்ட வடிகட்டி வைத்த முகமூடி, கையுறை, இஸ்திரிக்காரர் வைத்திருப்பதுபோல ஒரு தண்ணீர் தெளிப்பான். அடுக்களையில் ஏணி போட்டு ஏறி, புகைக்குழாயின் ஓர் ஓரத்தை நனைத்து, நகத்தளவு சுரண்டி, ஒரு சின்னப் பிளாஸ்டிக் பையில் போட்டு, அதை இன்னொரு பையில் போட்டு, எண் எழுதினார். சுரண்டிய இடத்தை டேப் ஒட்டி மூடினார். ஒரு பொட்டுத் தூசி கீழே விழவில்லை. முந்தைய ஞாயிற்றுக்கிழமை நான் இருந்த கோலம் ஒரு நிமிஷம் மனதில் வந்து போனது.

"குழாய் நல்லா இருக்கு, ஒடையல. இங்க ஒண்ணும் பிரச்னை இல்லம்மா" என்றார். என் மனைவியின் முகம் அப்படி மலர்ந்து பார்த்து நாளாகியிருந்தது. பிறகு அவர் தோட்டத்துப் பக்கம் போனார்.

"இங்க ஷெட் இருந்துதா சார்?"

"இல்லையே."

அவர் சுவரைப் பார்த்தார். சுவரில், ஷீட்டு முட்டிக்கொண்டிருந்த இடத்தில், அலையலையாக ஒரு கறை வீட்டின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை ஓடியது. கீழே நான்கு குழாய்கள் வானத்தைப் பார்த்து நின்றன. நடுவில் வாஷிங் மெஷின் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

"வாஷிங் மெஷின எப்பவும் வெயில்லதான் வெப்பீங்களா?"

"துணி சீக்கிரம் காயும்" என்றேன்.

அவர் குனிந்து தரையில் மிச்சமிருந்த வெள்ளைத் தூளைப் பார்த்தார். பிறகு முகமூடியை மேலே ஏற்றிக்கொண்டு வீட்டுக்குள் வந்து அறை அறையாகப் போனார். படுக்கையறையில் போர்வையின் ஓரத்தை இரண்டு விரலால் தூக்கினார். அப்படியே மெதுவாக இறக்கினார்.

"இந்த ரூம்ல யார் படுக்கறாங்க?"

"நான்தான்."

"எத்தன நாளா?"

"மூணு நாளா."

"அவுக மட்டுந்தான்" என்றாள் என் மனைவி வாசலிலிருந்து. "நான் ஹாலுக்குப் போயிட்டேன்."

வாசலில் அதற்குள் தெரு கூடிவிட்டது. அந்த அம்மாள் எல்லோரையும் வெளியே நிறுத்தி, முகமூடியைக் கழற்றி, பெருமூச்சு விட்டார். "முழுசா இருக்கற ஷீட்டு பாட்டுக்குக் கெடக்கும் சார். ஒடச்சாலோ, அறுத்தாலோ, காய்ஞ்ச தரையில பெருக்கினாலோதான் நார் காத்துல கலக்கும். நீங்க மூணையும் பண்ணியிருக்கீங்க. பக்கத்துத் தெருவுல எல்லா ஷெட்டும் நின்ன எடத்துல நிக்குது. உங்க தெருவுக்கு மட்டும் என்ன ஆச்சு? காலையிலேருந்து நாலாவது வீடு. ஒருத்தர் டிவியத் தூக்கி அது மேல வெச்சிருக்காரு!"

"சார்தாங்க படிச்சி சொன்னாரு" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். குற்றம் சாட்டும் குரலில் அல்ல, மரியாதையோடுதான் சொன்னார். அதுதான் வலித்தது.

அந்த அம்மாள் தன் கோப்பிலிருந்து அறிவிப்பின் இன்னொரு பிரதியை எடுத்து என்னிடம் கொடுத்தார். முதல் முறையாகப் பின்பக்கம் கண்டேன். கூடுதல் அமைப்புகள் குறித்து எந்த நடவடிக்கையும் இருக்காது என்றும், ஷெட்டுகளின் பழைய ஷீட்டுகளைக் குழுவே பத்திரமாகக் கழற்றி, அந்த இடத்தில் தகர ஷீட்டு போட்டுத் தருவார்கள் என்றும் எழுதியிருந்தது. நல்ல, தெளிவான நடை. நான் எழுதியிருந்தால் அப்படி வந்திருக்காது.

"தகரம் அவுங்களே போட்டுத் தராங்களா?" என்று பக்கத்து வீட்டுக்காரர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அதன் பிறகு என்னைப் பார்க்கவில்லை.

விளைவு என்னவென்றால், தூசி கலந்த வீடுகளைச் சுத்தம் செய்து, காற்றைச் சோதித்து, சரி என்று வந்த பிறகுதான் கூரையில் கை வைக்க முடியும். அதற்குள் மழை வந்துவிடும். எங்கள் தெரு முதல் பட்டியலிலிருந்து மழைக்குப் பிந்திய பட்டியலுக்குப் போகிறது. அந்த அம்மாள் இதை என்னிடம் சொல்லவில்லை, என் மனைவியிடம் சொன்னார். அவள் "சரிம்மா" என்றாள். உள்ளே போய், டப்பா வரிசைப் படத்தைக் காலண்டருக்குப் பின்னால் செருகினாள். என்னைத் திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிப் பேசிச் சமாதானம் ஆகியிருப்பேன். அதற்கும் வழி விடவில்லை.

டாக்டரிடம் போனேன். நடந்ததைச் சொன்னதும் அவர் ஸ்டெதஸ்கோப்பை வைக்கும் முன்பே சிரித்துவிட்டார். "ஒரு நாள் தூசிக்கு ரொம்பப் பயப்படாதீங்க. அப்படியே வந்தாலும் இருபது முப்பது வருஷம் கழிச்சுத்தான் தெரியும். உங்க சர்க்கரைய பார்த்தா அதுதான் முந்திக்கும்னு தோணுது."

ஆக, உயிர் போகாது. அடுக்களைதான் போயிற்று. அதற்கு ஏதாவது செய்தாக வேண்டும். நான் செய்யத் தெரிந்த ஒன்றே ஒன்றைச் செய்தேன். மனு எழுதினேன். வேலையை எடுத்திருந்த கான்ட்ராக்டரின் சைட் ஆபீஸுக்கு, நான்கு பக்கம். குற்றம் முழுவதும் என்னுடையதே, தெருவினர் அப்பாவிகள் என்று தொடங்கி, இரண்டு மழைக்காலமாக ஒரு பெண் குடைக்கடியில் சமைப்பதை விவரித்து, கூரை என்பது மனித நாகரிகத்தில் வகிக்கும் இடத்தைத் தொட்டுக்காட்டி முடித்திருந்தேன். மூன்றாம் பக்கத்தில் குடை பற்றிய பத்தியை மட்டும் இரண்டு தடவை திருப்பிப் படித்து ரசித்தேன். உறையில் போட்டு, ஒட்டி, சைட் ஆபீஸ் கிளார்க்கின் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

பத்து நாளில் வெள்ளை அங்கி போட்ட ஆட்கள் வந்தார்கள். தோட்டத்துப் பக்கத்தை முதலில் நனைத்துச் சுத்தம் செய்தார்கள். கட்டிலுக்கடியில் இருந்ததைத் தண்ணீர் தெளித்து, இரண்டு சுற்றுப் பிளாஸ்டிக்கில் சுருட்டி, பிணத்தைக் கொண்டுபோவதுபோலத் தூக்கிப் போனார்கள். படுக்கையறைக் கதவை மட்டும் டேப் ஒட்டி, 'உள்ளே செல்லாதீர்' என்று எழுதி மூடினார்கள். அந்த அறையைச் சுத்தம் செய்வது அடுத்த சுற்றில்தானாம். என் இரண்டு அலமாரிப் புத்தகங்களும் உள்ளே. இரண்டு மாதம் நான் ஹாலில் படுத்து, பழைய டெலிபோன் டைரக்டரி படித்தேன். பிறகு கதவைத் திறந்தபோது ஒவ்வொரு புத்தகத்தையும் ஈரத்துணியால் துடைத்துத்தான் வெளியே எடுக்கவிட்டார்கள். துடைத்தவன் நான்தான்.

ஆனால் அடுக்களை! புரட்டாசி பிறந்த வாரம் குழாயைக் கழற்றினார்கள், கூரையை உடைத்தார்கள், புதிதாகத் தளம் போட்டார்கள். தெருவில் எல்லா வீட்டிலும் அப்படியே. முதல் மழை வந்த அன்று என் மனைவி இரண்டு கையும் காலியாக அடுப்பின் முன் நின்று தோசை சுட்டாள். நடுவில் ஒரு தடவை அண்ணாந்து பார்த்தாள். எனக்கு ஒரு தோசை கூடுதலாக விழுந்தது. பக்கத்து வீட்டுக்காரரும் "இன்னா சார், சாப்ட்டீங்களா?" என்று மறுபடி பேச ஆரம்பித்தார்.

நான் வாயைத் திறக்கவில்லை. மனு பற்றி வீட்டிலும் சொல்லவில்லை, தெருவிலும் சொல்லவில்லை. செய்த நல்லதைச் சொல்லிக்காட்டாமல் இருப்பதில் உள்ள சுகத்தை வாழ்க்கையில் முதல் முறையாக அனுபவித்தேன். ஒரே ஒருவரிடமாவது சொன்னால்தான் அந்தச் சுகம் முழுமையாகும் என்று பட்டது. சைட் ஆபீஸுக்குப் போனேன். கிளார்க் குறிஞ்சிப்பாடியிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர். மேஜையில் டிபன் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார்.

"எங்க தெருவ மறுபடி முன்னால கொண்டுவந்ததுக்கு நன்றி சொல்ல வந்தேன்" என்றேன். "மனுவப் படிச்சு முடிவெடுத்திருக்கீங்க. பெரிய மனசு."

"மனுவா?" என்றார். "உங்க வூட்டம்மா, பக்கத்து வூட்டம்மா, அஞ்சாறு பேரு வந்தாங்க சார். சர்வே மேடம் இங்கதான் ஒக்காந்துகினு இருந்தாங்க. 'எல்லா வூட்லயும் சமையக்கட்டு கதவ சாத்தி ஈரச்சாக்கு வச்சிட்டோம், உள்ள தூசி வரல, வேணும்னா சோதிச்சி பாத்துக்குங்க. தோட்டத்த மொதல்ல கழுவிக் குடுங்க, வேல அந்த வழியாவே நடக்கட்டும். படுக்கற ரூம எத்தினி நாளுக்கு வேணாலும் பூட்டி வச்சிக்குங்க'ன்னாங்க. மேடம் போயி துடைச்சி எடுத்து டெஸ்ட்டு பண்ணாங்க, சரியா இருந்திச்சி. அதோட முடிஞ்சிச்சி."

"அப்ப அந்த மனு?"

அவர் இடது கையால் மேஜை டிராயரை இழுத்துப் பார்த்தார்.

"இருக்குதுங்க சார். நாலு பக்கம் இருந்திச்சா, ஆர அமர படிக்கலாம்னு வச்சிகினு இருக்கேன்."